கடற்கரையில் கிடைக்கும் சங்கு, சிப்பி: எது எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கடற்கரைக்குப் போனால் கைநிறையக் கிளிஞ்சல் பொறுக்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்து மேசையில் கொட்டிய பிறகுதான் "இது என்ன?" என்ற கேள்வி வருகிறது. சென்னை முதல் கன்னியாகுமரி வரையிலான கரைகளில் சாதாரணமாகக் கிடைப்பவற்றை மனதில் வைத்து, வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கையில் ஒரு ஓடு இருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நிறத்தைத் தவிர மற்ற எதையும் பார்க்கலாம். வெயிலும் உப்பும் நிறத்தை மாற்றிவிடும். ஒரே இனத்திலேயே வெள்ளை, பழுப்பு, ஊதா என்று பல நிறங்கள் இருக்கும். மேல்பூச்சு தேய்ந்த சோழி உள்ளிருக்கும் ஊதாவைக் காட்டும். புது இனம் என்று நினைத்துவிடுவோம்.

முதல் கேள்வி: இது சுருண்ட ஒற்றை ஓடா, இரட்டை ஓட்டில் ஒரு பாதியா? சுருண்டது என்றால் நத்தை வகை. சங்கு, சோழி எல்லாம் அதில் அடக்கம். பாதி ஓடு என்றால் சிப்பி, மட்டி வகை.

அடுத்து, நத்தை வகையாக இருந்தால் திருப்பிப் போட்டு வாயைப் பாருங்கள். வாய் வட்டமா, நீளக் கீறலா, ஓரத்தில் பல் இருக்கிறதா, அடியில் ஒரு வெட்டோ குழாயோ நீள்கிறதா? சிப்பி வகையாக இருந்தால் உட்பக்கத்தைத் திருப்பி, இரண்டு ஓடுகளும் சேரும் கீல் பகுதியைப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் மட்டும் கண்ணை ஓட்டுகிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள். கடையில் வண்ணம் அடித்து விற்பதை வாங்கி வந்தால் குழப்பம் இரட்டிப்பு.

மெரினாவில் அலை வாங்கும்போது மணலுக்குள் ஓடி ஒளியும் சின்னச் சிப்பி எது?

டோனாக்ஸ் என்ற மட்டி வகை. ஒரு பக்கம் சரிந்து மறுபக்கம் நீண்ட, ஆப்பு வடிவம்; பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும். அலை மணலைக் கிளறியதும் வெளியே வந்து, தண்ணீரோடு நகர்ந்து, அடுத்த நொடியே காலை நீட்டி மணலுக்குள் புகுந்துவிடும். வெறும் ஓடு கிடைத்தால் உள் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நுண்ணிய பல் வரிசை தட்டுப்படும். உட்பக்கம் பல நேரம் ஊதாவாக இருக்கும். இரண்டு பாதிகளும் பிரியாமல், விரிந்தபடி கிடைப்பதும் உண்டு; கீலில் இருக்கும் தசைநார் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

இதிலேயே பெரிதாக, முக்கோணமாக, பின்பக்கம் கூரான விளிம்போடு ஒன்று கிடைக்கும். அது டோனாக்ஸ் ஸ்கார்ட்டம். முனை குத்தும் அளவுக்குக் கூராக இருக்கும்.

கோடு கோடாக மேடு பள்ளம் உள்ள வெள்ளைச் சிப்பிகளெல்லாம் ஒரே வகையா?

இல்லை. மேலே பார்த்தால் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கீல் காட்டிக்கொடுத்துவிடும். கீல் நேர்க்கோடாக, அதில் வரிசையாகச் சிறு பற்கள் நிறைய இருந்தால் அது ஆர்க்கா குடும்பம். கரையில் அதிகம் ஒதுங்குபவற்றில் இதுவும் ஒன்று. கீல் வளைந்து, பல் இரண்டு மூன்றே இருந்தால் காக்கிள் குடும்பம்.

ஆர்க்கா குடும்பத்தில் உள்ள அனடாரா என்ற மட்டியை உயிரோடு திறந்தால் சிவப்பாக வடியும். பெரும்பாலான சிப்பி வகைகளின் இரத்தத்தில் நிறமே இருக்காது. இதில் நம்முடையதைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு.

சிப்பியில் துளை போட்டாற்போல வட்டமாக ஓர் ஓட்டை இருக்கிறது. யாராவது மாலை கோப்பதற்காகத் துளைத்ததா?

துளைத்தது இன்னொரு நத்தை. கடற்கரையில் எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதுதான்.

ஓட்டையை லென்ஸில் பாருங்கள், அல்லது செல்போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். வெளிப்பக்கம் அகலமாகவும் உள்ளே போகப் போகக் குறுகியும், விளிம்பு சரிவாகச் செதுக்கினாற்போல இருந்தால் அது நிலவு நத்தையின் வேலை. விளிம்பு சரியாமல் நேராக இறங்கினால் முள்சங்குக் குடும்பத்தைச் சேர்ந்த ஏதோ ஒன்றாக இருக்கலாம். நிலவு நத்தை மணலுக்குள்ளேயே ஊர்ந்து போய் மட்டியைக் காலால் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அமிலம் போன்ற சுரப்பால் ஓட்டின் சுண்ணாம்பை இளக்கி, நாக்கில் இருக்கும் பல் வரிசையால் சுரண்டி, மாறி மாறிச் செய்யும். ஒரு துளை போட மணிக்கணக்காகும். துளை முடிந்ததும் உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். ஒரே சிப்பியில் பாதியில் நின்ற துளை ஒன்றும் முழுத் துளை ஒன்றும் இருந்தால், முதல் முயற்சி தோற்றது என்று படித்துக்கொள்ளலாம்.

கொலையாளியின் ஓடும் அதே கரையில் கிடைக்கும். உருண்டை, வழுவழுப்பு, வாய் அரைவட்டம், வாயருகே தொப்புள் மாதிரி ஒரு குழி அல்லது அதை அடைத்த மேடு. சில நாட்களில், மணலால் செய்த சட்டைக் காலர் மாதிரி ஒரு வளையம் ஈரமாக, ரப்பர்போல ஒதுங்கியிருக்கும். பலர் பிளாஸ்டிக் என்று குப்பையில் போடுகிறார்கள். அது நிலவு நத்தையின் முட்டைத் தொகுதி. தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

ஊசி குத்தியதுபோல ஓடு முழுக்கப் பொடித் துளைகளாக இருந்தால், அது வேறு கதை. ஓட்டைத் துளைத்து வாழும் கடற்பஞ்சின் வேலை.

நீளமாக, கூராகச் சுருண்டு போகும் சங்குகளை எப்படிப் பிரிப்பது?

மறுபடியும் வாய்தான். வாய் வட்டமாக, அடியில் வெட்டு எதுவும் இல்லாமல் இருந்தால் டரிடெல்லா. கிழக்குக் கரையில் வலையோடு வந்து கரையில் குவியல் குவியலாகக் கிடப்பது இதுதான். வாயின் அடியில் ஒரு வெட்டு இருந்தால் டெரிப்ரா. அடியில் குட்டையான குழாய் வளைந்து நின்றால் செரித்தியம். பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காடுகளின் சேற்றில் கிடைப்பவை இன்னொரு குடும்பம். தடித்த ஓடு, பெரும்பாலும் கறுப்பு அல்லது கரும்பழுப்பு.

சுருளே இல்லாமல், லேசாக வளைந்து, இருபுறமும் திறந்த வெள்ளைக் குழாயாக இருந்தால் தந்தச் சிப்பி. புழு கட்டிய சுண்ணாம்புக் குழாயோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். புழுக்குழாய் கோணல்மாணலாக வேறு ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும்.

சோழி, ஆலிவ், கூம்புச் சங்கு மூன்றும் ஒன்றுபோல வழுவழுப்பாக இருக்கின்றனவே?

சோழியின் அடியில் நீளக் கீறல். அதன் இரு பக்கமும் பல். மேல்முனைச் சுருள் வெளியே தெரியாது. ஆலிவில் சுருள் முனை தெரியும். வாயின் ஒரு பக்கம் மட்டும் மடிப்புகள். கூம்புச் சங்கு மேல்பக்கம் அகன்று, கீழே குறுகி இருக்கும். வாய் நேரான, ஒடுங்கிய பிளவு. பல்லும் கிடையாது, மடிப்பும் கிடையாது.

சோழி உயிரோடு இருக்கும்போது, தசை விரிந்து ஓட்டை வெளியிலிருந்து போர்த்திக்கொள்ளும். அதனால்தான் கடலில் கிடந்தும் பாசியோ, பாறையிலும் ஓட்டிலும் ஒட்டி வாழும் கொட்டலசோ ஒட்டாமல் மினுமினுப்பு நிற்கிறது. தாயமும் பல்லாங்குழியும் ஆடிய மஞ்சள் சோழி, முதுகில் நாலு மூலை புடைத்த சிறு வகை. ஒரு காலத்தில் மாலத்தீவிலிருந்து வங்காளத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் காசாகப் போனது இதுதான். இதன் உறவான இன்னொன்றின் முதுகில் பொன்னிற வளையம் இருக்கும். பாறைக் கரையில், மேலெல்லாம் அரபு எழுத்து கிறுக்கினாற்போன்ற பெரிய சோழி கிடைத்தால் அதன் பெயரே அரபிக்கா.

சோழிக் குஞ்சு ஒன்று கிடைத்தால் யாரும் அடையாளம் காண மாட்டார்கள். உதடு மெல்லியதாக, பல் வராமல், சுருள் வெளியே தெரியும்படி இருக்கும். வளர்ந்த பிறகுதான் உதடு உள்ளே மடிந்து தடிக்கும்.

கூம்புச் சங்கைத் தொடலாமா?

வெறும் ஓடு என்றால் தாராளமாக. உயிருள்ளதைத் தொடவே வேண்டாம். கூம்புச் சங்கு, பல்லை ஈட்டிபோலச் செலுத்தி இரையின் உடலில் நஞ்சை ஏற்றும். மீன் தின்னும் இனங்கள், குறிப்பாகக் கோனஸ் ஜியோகிராபஸ், மனிதரைக் கொன்றிருக்கின்றன. "அகலமான பக்கத்தைப் பிடித்தால் ஆபத்தில்லை" என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். அதன் தும்பிக்கை வளைந்து பின்னாலும் எட்டும்.

இதே நஞ்சிலிருந்து மருந்தும் வந்திருக்கிறது. கோனஸ் மேகஸ் நஞ்சில் உள்ள ஒரு பொருளைப் பார்த்துச் செய்த சிகோனோடைடு என்ற கடும் வலி நிவாரணிக்கு அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது.

வாயில் ஊதும் சங்கு எது? கரையில் கிடைக்குமா?

டர்பினெல்லா பைரம். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் சங்கு குளிப்பவர்கள் எடுப்பதும், மன்னார், யாழ்ப்பாணக் கடலில் எடுப்பதும் இதைத்தான். வங்காளத்துப் பெண்கள் அணியும் சங்கு வளையலும் இதிலிருந்தே. கடலிலிருந்து வந்தவுடன் பார்த்தால் அடையாளமே தெரியாது. பழுப்பு நிறத்தில் தோல்போல ஒன்று ஓடு முழுக்க மூடியிருக்கும். அதை நீக்கினால்தான் நாம் பார்த்த பால்வெள்ளை.

கரையில் முழுசாகக் கிடைப்பது அரிது. உடைந்த துண்டு கிடைத்தால் நடுத்தண்டை, அதாவது சுருள்கள் சுற்றி ஏறும் உள்தண்டைப் பாருங்கள். தடித்த மடிப்புகள் மூன்று நான்கு குறுக்கே ஓடும். இந்த மடிப்புதான் இதன் கையெழுத்து.

வலம்புரிச் சங்கு என்று கடையில் தருகிறார்களே, உண்மையானதா?

பெரும்பாலும் அல்ல. சங்கின் சுருள் முனையை மேலே வைத்து, வாயை உங்களைப் பார்க்கத் திருப்புங்கள். சாதாரணச் சங்கில் வாய் உங்கள் வலப்பக்கம் இருக்கும். வலம்புரியில் இடப்பக்கம் இருக்கும். பூசையில் இதைத் தலைகீழாக, வால் மேலே வரும்படி பிடிப்பார்கள். அப்போது அதே வாய் வலப்பக்கம் வந்துவிடும். இந்த இடத்தில்தான் வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்தே குழம்புகிறார்கள்.

வாய் சரியான பக்கம் இருப்பது மட்டும் போதாது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் இயல்பாகவே எல்லாமே இடப்பக்கம் சுருளும் ஒரு சங்கு உண்டு, மின்னல் சங்கு. அங்கே அது அரிய பொருளே இல்லை. அதை வெளுத்து, வலம்புரி என்று இங்கே விற்கிறார்கள். வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே சொன்ன மடிப்புகள் நடுத்தண்டில் இருந்தால் டர்பினெல்லா. தண்டு வழவழவென்று இருந்தால் அமெரிக்கச் சரக்கு. "காதில் வைத்தால் ஓம் கேட்கும்", "அரிசிக்குள் வைத்தால் தானாகத் திரும்பும்" என்பதெல்லாம் சோதனையே அல்ல.

விரல்விரலாக நீட்டிக்கொண்டிருப்பது?

ஐவிரல் சங்கு. எண்ணிப் பார்த்தால் ஐந்துக்கு மேல் இருக்கும். இளம் பருவத்தில் விரலே இருக்காது. வளர்ச்சி முடியும்போதுதான் உதடு விரிந்து விரல்கள் வரும். அதனால் குட்டியும் பெரியதும் இரண்டு வேறு இனம் மாதிரித் தெரியும்.

முள்சங்கு, யானைமுள்ளி, புறாமுட்டை?

முள்சங்கின் அடிக்குழாய் நீண்டு, அதன் நெடுகிலும் கூரிய முட்கள் இருக்கும். மீனவர்களுக்கு இது பெரும் தொல்லை. வலையில் சிக்கினால் பிரித்தெடுப்பதற்குள் கண்ணியும் கிழியும், விரலும் கிழியும். மீன்பிடித் துறைமுகத்தில் வலை உதறும் இடங்களில் நிறையக் கிடக்கும். யானைமுள்ளி அதே குடும்பத்துப் பெரிய உறுப்பினர். முள் ஊசியாக இல்லாமல் மடிந்த இலைபோலக் கிளைத்திருக்கும்.

புறாமுட்டை என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வது பாபிலோனியா. வெள்ளையில் பழுப்புத் திட்டுகள், கனமான ஓடு. இதன் சதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. இரண்டு இனங்கள் உண்டு. சுருளும் சுருளும் சேரும் இடத்தில் நகம் உட்காரும் அளவுக்கு வாய்க்கால் இருந்தால் ஸ்பைராட்டா. அந்த வாய்க்கால் இல்லையென்றால் சைலானிக்கா.

முத்துச்சிப்பியை எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளே முத்து இருக்குமா?

கீல் நேர்க்கோடு, அதன் ஒரு முனை காது மாதிரி நீண்டிருக்கும், வெளிப்பக்கம் செதில்செதிலாக, உட்பக்கம் முத்தின் பளபளப்பு. ஓரத்தில் மட்டும் அந்தப் பளபளப்பு இருக்காது. தூத்துக்குடியின் பார்களில், அதாவது முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டுகளில், 1961இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. 1973இல் அங்கேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. கரையில் ஒதுங்கிய வெறும் ஓட்டில் முத்தைத் தேடுவது வீண்.

உள்ளே பளபளப்பு இருந்தாலே முத்துச்சிப்பி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். பச்சை ஆளியிலும் அது லேசாக உண்டு. அதன் ஓரம் பச்சை, வடிவம் நீண்ட முக்கோணம். எண்ணூர், கோவளம் மாதிரி பாறையும் கட்டுமானமும் உள்ள இடங்களில் நார் விட்டு ஒட்டி வாழும். குமரி மாவட்டத்தில் சும்மா "சிப்பி" என்று கேட்டால் குழம்பு வைக்கத் தருவது இதன் பழுப்பு நிறச் சொந்தக்காரனை.

கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவும் தட்டைச் சிப்பி?

பிளாக்குனா. வட்டமாக, தட்டையாக இருக்கும். உட்பக்கம் கீலருகே V வடிவில் இரண்டு மேடுகள். கோவாவின் பழைய வீடுகளில் ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் இதைத்தான் பதித்தார்கள்.

வெள்ளையாக, தெர்மோகோல்போல லேசாக, படகு வடிவில் கிடப்பது என்ன?

கணவாயின் உள் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் தருவார்கள். ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் நகம் பட்டாலே பொடியாகும். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டில் மாட்டுவதும் இதையே. ஐந்து இதழ்ப் பூ வரைந்த தட்டையான வட்டு கிடைத்தால் அது சிப்பியே இல்லை, கடல் முள்ளெலியின் சொந்தம். பாறையில் எரிமலை வடிவில் ஒட்டியிருக்கும் கொட்டலசு நண்டின் சொந்தம்.

எப்போது போனால் நிறையக் கிடைக்கும்?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, நீர் வற்றும் நேரத்தில். சென்னையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டித்தான், அதனால் குஜராத் கரை மாதிரி கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு நல்ல வேட்டை. கரைவலை இழுத்த இடத்தில், மீனைப் பொறுக்கிய பின் மிச்சம் கிடப்பதில் தேடினால், அலை எளிதில் கொண்டுவராத, கரையிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள கடலடி ஓடுகள் கிடைக்கும். கேட்டுவிட்டு எடுங்கள்.

எடுக்கக் கூடாதது எது?

உள்ளே உயிர் இருப்பது, முதலில். வாயில் மூடி இறுக்கமாக இருந்தாலோ, கால்கள் எட்டிப் பார்த்தாலோ விட்டுவிடுங்கள். கால்கள் என்றால் துறவி நண்டு. அதற்கு அந்த ஓடுதான் வீடு.

அடுத்து சட்டம். 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் நாட்டிலஸ், ராட்சத மட்டி, டிரைட்டன் சங்கு, கொம்புள்ள ஹெல்மெட் சங்கு உள்ளிட்ட பல இனங்களைச் சேர்த்தார்கள். 2022 திருத்தத்தில் பட்டியல்களையே மாற்றியமைத்தார்கள். பாறைப் பவளமும் பாதுகாக்கப்பட்டது. கரையில் ஒதுங்கிய துண்டு என்பது சாக்காகாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள தீவுகள், 1986இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே எதையும் எடுக்கக் கூடாது. கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள் என்பதற்காக அது சட்டப்படியானது என்று நினைக்க வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததை எப்படிச் சுத்தம் செய்வது?

நல்ல தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நாற்றமோ பாசியோ போகவில்லை என்றால், ப்ளீச்சை நிறையத் தண்ணீர் கலந்து கொஞ்ச நேரம் ஊறவைக்கலாம். வினிகர், எலுமிச்சை, டாய்லெட் ஆசிட் எதுவும் கூடாது. ஓடு சுண்ணாம்பு, அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். கடைச் சங்குகளின் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு பல நேரம் இப்படி மேல்தோலை அமிலத்தில் எரித்து வந்ததுதான். அடையாளம் காட்டும் நுண்கோடுகள் அதோடு போய்விடும். காய்ந்த பிறகு ஒரு துளி எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் நிறம் எழும்பும்.

அட்டை, மரப் பெட்டிகளில் மூடி வைத்த ஓடுகள் சில வருடத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் பூஞ்சை என்று நினைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஓட்டை அரிக்கிறது. பிளாஸ்டிக் டப்பா மேல். உள்ளே ஒரு சீட்டில் எடுத்த ஊர், தேதி, மணலா பாறையா என்று எழுதிப் போடுங்கள். பின்னால் யாரிடமாவது காட்டிக் கேட்டால் அவர் முதலில் கேட்பது அந்தச் சீட்டில் இருப்பதைத்தான்.